மேல்விளிம்பில் சிவப்பு மை

இந்த மாதத்தோடு எனக்கு டியூட்டி முடிகிறது. புதிதாக வந்திருக்கும் நீங்கள் மூன்று பேரும், போகும் முன் நாலு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள் அக்கா என்று கேட்டீர்கள். ஆள் கூடியிருக்கும் இடத்தில் எனக்கு வாய் வராது. அதனால் எழுதித் தருகிறேன். மிஷினை எப்படித் துடைப்பது, பக்கத்தை எப்படி விரிப்பது என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். நான் சொல்ல நினைப்பது நான் செய்த ஒரு தப்பைப் பற்றி. இன்றைக்கும் அதை நினைத்தால், உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்துபோய் எதையாவது இன்னொரு முறை சரிபார்க்கத் தோன்றுகிறது.

சோஹாரில் நம் ஸ்கேனிங் பிரிவுக்கு அன்றாடச் சோறு துறைமுகப் படிவங்கள்தான். படிவத்தில் கட்டமும் தலைப்பும் சிவப்பில் அச்சடித்திருக்கும். டிரைவர்களும் குமாஸ்தாக்களும் நிரப்புவது கறுப்பிலோ நீலத்திலோ. சிவப்பு கண்ணில் படாதபடி மிஷினை வைத்துவிட்டால் கட்டங்கள் மறைந்து, நிரப்பிய எழுத்து மட்டும் பளிச்சென்று வரும். அதற்கு நாம் ‘ரெட் ஆஃப்’ என்று சொல்கிறோம். வருஷக்கணக்கில் ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில் படிவம் போட்டவளுக்கு, ரெட் ஆஃப் என்பது செருப்பு மாதிரி. காலில் கிடப்பதே தெரியாது.

அப்படி ஒரு வாரத்தில்தான் யூன் சார் வந்தார். கொரியாக்காரர். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். இளவயதில் சவுதியில் தம்மாமுக்குக் கட்டட சைட் வேலைக்கு வந்து, பிறகு குவைத், பிறகு சோஹார் என்று வளைகுடாவிலேயே வயதைக் கழித்தவர். ஆங்கிலம் கொஞ்சம், அரபி கொஞ்சம், சைட்டில் கற்ற இந்தி நிறைய. பருத்தித் துணியில் சுற்றி ஐந்து மெல்லிய புத்தகங்கள் கொண்டுவந்தார். நூலால் தைத்தவை, முழுக்கக் கையெழுத்து. அவர்கள் குடும்பத்தில் பல தலைமுறையாக இருக்கும் ஒரு பழைய கதையின் பிரதி.

“பூரா பக்கமும் வேணும். ஓரம் வெட்டக்கூடாது” என்றார்.

ஆர்டர் தாளில் ரமேஷ் சார் ‘கறுப்பு வெள்ளை, ஓரம் வெட்டாமல்’ என்று எழுதினார். ரமேஷ் சாரை உங்களில் யாரும் பார்த்ததில்லை. அப்போது அவர்தான் நம் சூப்பர்வைசர். திருச்சிக்காரர், கெட்டவர் இல்லை.

இரண்டு நாள் அந்தப் புத்தகங்களை நான் ஒருத்தியே புரட்டி ஸ்கேன் செய்தேன். பல பக்கங்களின் மேல்விளிம்பில் பொடிப்பொடியாகச் சிவப்பு எழுத்து இருந்ததை என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். ஒரு புத்தகத்தில் வரிகளின் ஓரத்தில் சிவப்பு வட்டங்களும் புள்ளிகளும் இருந்தன. விரல் படாமல் புரட்டினேன். ஒரு மூலைகூட மடங்கவில்லை. திரையில் பார்த்தபோது பக்கம் மங்கலாக இருக்கிறதா, எண் தவறியிருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன். படங்கள் துடைத்து வைத்தது போல வந்திருந்தன. இவ்வளவு பழைய தாள் இவ்வளவு சுத்தமாக வந்திருக்கிறதே என்று எனக்கு உள்ளுக்குள் பெருமைகூட. யூன் சார் புத்தகங்களை வாங்கிக்கொண்டு போனார். படங்களை மறுநாள் தருவதாகப் பேச்சு.

மறுநாள் காலை பத்து மணி இருக்கும். சிடியில் ஏற்றுவதற்கு முன் ஒரு முறை ஓட்டிப் பார்த்தேன். இரண்டாவது புத்தகத்தில் ஒரு பக்கம். மேல்விளிம்பின் இடது மூலையில் கறுப்பில் சின்னதாக நாலைந்து எழுத்து. அதற்கு வலப்பக்கம் பெரிய வெற்றிடம். அடுத்த பக்கத்திலும் அப்படியே. எழுதுகிறவன் இவ்வளவு இடம் இருக்க, ஏன் மூலையில் போய் ஒடுங்கி எழுதினான்? போனில் ஒருவர் பேசும்போது பக்கத்தில் நிற்கிறவருக்கு ஒரு பக்கப் பேச்சு மட்டும் கேட்குமே, அப்படி இருந்தது. அந்த வெற்றிடத்தில் சிவப்பு எழுத்து இருந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. செட்டிங்கைத் திறந்து பார்த்தேன். ரெட் ஆஃப்.

நானூறு பக்கம். ஒன்றில்கூடச் சிவப்பு இல்லை.

ரமேஷ் சாரிடம் ஓடினேன். அவர் ஆர்டர் தாளை எடுத்துக் காட்டினார்.

“இங்க என்ன எழுதியிருக்கு? கறுப்பு வெள்ளை. ஓரம் வெட்டாம. ரெண்டும் செஞ்சாச்சு. கதை எழுத்து பூரா இருக்குல்ல?”

“இருக்கு சார். ஆனா அந்தச் செவப்பு...”

“அது எவனோ படிச்சவன் கிறுக்கினது ஸ்டெல்லா. நம்ம தலையில எடுத்துப் போட்டுக்காதீங்க. கேட்டா மிஷின் அப்படித்தான்னு சொல்லிக்கலாம். கேக்கட்டும் முதல்ல. முடிஞ்சது, கலாஸ்.”

அவர் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை. தாளின்படி தப்பும் இல்லை. நான் திரும்பி வந்து உட்கார்ந்தேன். உட்கார முடியவில்லை. தண்ணீர் குடித்தேன். ஒரு நிமிஷம் கழித்து யூன் சாருக்குப் போன் போட்டேன். புத்தகத்தைத் திரும்ப எடுத்து வர முடியுமா, ஒரு சின்னக் கோளாறு என்றேன்.

“புக் போகுது” என்றார். “இப்போ. மஸ்கட் ஏர்போர்ட். டாக்ஸி கீழே வரணும், இன்னும் வரல.”

விஷயம் இதுதான். புத்தகம் அவர்கள் வீட்டில் அண்ணன் தம்பிகளுக்குள் மாறி மாறி இருப்பது வழக்கம். இப்போது பெரிய அண்ணன் அதைக் குடும்ப மண்டபத்தில் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட முடிவு செய்துவிட்டார். வருஷத்துக்கு ஒரு முறை வணங்க வெளியே எடுப்பார்கள், திறக்க மாட்டார்கள். அண்ணன் மகன் கம்பெனி வேலையாக மஸ்கட் வந்திருந்தார். ஒரு மணிக்குள் ஏர்போர்ட்டில் அவர் கையில் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகு யூன் சாருக்கு மிச்சம் நான் எடுத்த படங்கள் மட்டும்தான்.

கீழே நம் ஆபீஸ் வண்டியோடு சிக்கந்தர் பாய் நின்றிருந்தார். ராமநாதபுரத்துக்காரர். நான் யாரிடமும் கேட்கவில்லை. “பாய், வண்டிய எடுங்க, சொல்லுதேன்” என்று ஏறிக்கொண்டேன்.

யூன் சார் கட்டட வாசலில் துணி மூட்டையோடு நின்றிருந்தார். நான் பிரிண்ட் எடுத்திருந்த ஒரு பக்கத்தை நீட்டினேன். வாங்கிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி பார்த்தார்.

“லால் மாஃபி” என்றார். சிவப்பு இல்லை.

“சாரி சார். மிஷின் அப்படி எடுத்திருச்சு” என்றேன்.

ஆமாம், அப்படித்தான் சொன்னேன். மிஷின் என்றேன். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வண்டியின் பானட்டில் கை வைத்துக்கொண்டு சொன்னார்: “இந்தக் கதை எல்லா இடத்திலயும் இருக்கு. பிரிண்ட்ல இருக்கு. லைப்ரரியில இருக்கு. எனக்குக் கதை வேண்டாம். இந்தச் சிவப்பு உலகத்துலயே இங்க மட்டும்தான் இருக்கு.” அவருடைய இந்தியை என் தமிழில் எழுதுகிறேன். இந்தியில் அது இன்னும் குட்டையாக இருந்தது.

டாக்ஸியை வேண்டாம் என்று அனுப்பிவிட்டு, அவரை நம் வண்டியிலேயே ஏற்றிக்கொண்டோம். இரண்டே கால் மணி நேரச் சாலை. நிறுத்திப் படம் எடுக்க நேரமில்லை. ஓடுகிற வண்டியில் என் போனால் எடுத்துப் பார்த்தேன். எறும்பு அளவு எழுத்து, அதுவும் செங்கல் தூள் நிறத்துக்கு வெளுத்துப்போன மை. நாலு படம் எடுத்தேன். நாலும் கலங்கலாக வந்தன.

“வாசிங்க சார்” என்றேன். “நான் பக்க எண்ணைச் சொல்லுதேன். நீங்க செவப்ப மட்டும் வாசிங்க. போன்ல பதிவாகட்டும்.”

பின் சீட்டில் என் மடியில் துணி விரித்து, முதல் புத்தகத்தைத் திறந்தேன். நான் எண் சொல்வேன், அவர் பூதக்கண்ணாடி வைத்து வாசிப்பார், நான் புரட்டுவேன். குறிப்பு உள்ள பக்கங்கள் நூற்றைம்பதுக்கு மேல் இருக்கும். நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன். ஒன்றுக்கு முக்கால் நிமிஷம். முதல் பத்து நிமிஷம் அப்படியே போனது.

சிக்கந்தர் பாயால் சும்மா இருக்க முடியவில்லை. “என்னக்கா, மந்திரமா ஓதுறாரு?”

“பாய், ரோட்டப் பாருங்க.”

ஆனால் பாய் அதையே இந்தியிலும் கேட்டுவிட்டார், யூன் சார் பதில் சொன்னார். அவர்கள் ஊரில் அந்தக் காலத்தில் கதையைப் பற்றிய விமர்சனத்தைப் பெரும்பாலும் இப்படித்தான் எழுதினார்களாம். கையில் பேனா வைத்துக்கொண்டு படிப்பார்கள். மேல்விளிம்பில் அபிப்பிராயம். பிரமாதமான வரிக்குப் பக்கத்தில் வட்டம். கவனமாகப் படிக்க வேண்டிய வரிக்குப் புள்ளி. எழுதியவன் தூங்கிவிட்ட இடத்தில் ஒரு கோடு. அடுத்துப் படிக்கிறவன் கதையோடு சேர்த்து அதையும் படிப்பான், பிடிக்காவிட்டால் பக்கத்திலேயே சண்டை போடுவான். “நகல் எடுக்கிறவன் இதையும் சேர்த்து நகல் எடுப்பான்” என்றார். அவர் என்னைக் குத்துவதற்காகச் சொல்லவில்லை. எனக்குக் குத்தியது.

சிவப்பில் எழுதியவர் யாரென்று தெரியாது, புத்தகத்தை இரவல் வாங்கிய நண்பராக இருக்கலாம். கறுப்பில் பதில் எழுதியவர் அவர்கள் வீட்டு முன்னோர். கதை ஒன்றும் பெரிதில்லை. ஓர் அதிகாரி தன் நண்பனைக் காட்டிக்கொடுத்துவிட்டு, பிறகு நாடு முழுவதும் அவனைத் தேடி அலைகிறான்.

“இப்ப என்ன எழுதியிருக்கு?” என்றார் சிக்கந்தர் பாய்.

“சிவப்பு கேக்குது: இந்த இடத்துல மழை எதுக்கு? எங்கள அழ வைக்கத்தானே?”

பாய் ஸ்டீயரிங்கைத் தட்டிச் சிரித்தார். “சரியாச் சொன்னாம்பா! நம்ம படத்துலயும் இதே கூத்துதான். கறுப்பு என்னா சொல்றான்?”

“நீ ஆத்தங்கரையில இருந்தவன் இல்ல. அந்த மாசம் மழைதான்.”

“அட, அவனும் விட மாட்டேங்கறானே!”

இப்படி ஒவ்வொரு பக்கத்துக்கும் பாய்க்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருந்தது. ஒவ்வொரு மொழிபெயர்ப்பும் எனக்கு ஒரு பக்கம் நஷ்டம். சஹம் தாண்டியபோது நாங்கள் இருக்க வேண்டிய இடத்துக்குப் பன்னிரண்டு பக்கம் பின்னால் இருந்தோம். வாயை மூடுங்கள் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. திரும்பி யூன் சாரைப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். மனைவி போன பிறகு இதை யாருக்கும் வாசித்துக் காட்டியதில்லை என்றார். நான் பாயைத் தடுக்கவில்லை. தடுத்திருக்க வேண்டுமா என்று இன்றும் தெரியவில்லை.

மூன்றாவது புத்தகத்தைத் திறந்ததும் இன்னொரு சிக்கல். அதில் சிவப்பு எழுத்து குறைவு. குறிகள் எல்லாம் இதில்தான், முழுக்க வட்டமும் புள்ளியும் கோடும். அவர் வாசிக்க வாய் திறந்து, நிறுத்திவிட்டார். எந்த எழுத்துக்குப் பக்கத்தில் எந்த வட்டம் என்று எப்படி வாசிப்பது?

அப்போது நான் ஒரு முடிவு எடுத்தேன். இந்த முடிவைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் எனக்கு அது சரியா என்று யோசிக்க நேரம் இருக்கவில்லை. எழுத்தை வாய் காப்பாற்றும், குறியைக் கண்தான் காப்பாற்றும். “பாய், அடுத்த பெட்ரோல் பங்க்ல நிழல் பாத்து நிறுத்துங்க. இந்த ஒரு புத்தகத்த மட்டும் படம் எடுக்கணும்.”

“நிறுத்தினா டைம் போயிரும்கா.”

“தெரியும். அதுக்குப் பதிலா கடைசியில கொஞ்சம் பக்கம் போகும்.”

யூன் சார் என்னைப் பார்த்தார். தலையை ஆட்டினார்.

கபூராவுக்குப் பக்கத்தில் நிறுத்தினோம். பாய் பதினைந்து நிமிஷம் என்று சொல்லிவிட்டுத் தன் தலைத்துண்டை எடுத்து வெயில் பக்கத்துக் கண்ணாடியில் திரையாகப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் மூச்சை அடக்கிக்கொண்டு எடுத்தேன். பதினெட்டு நிமிஷம் ஆனது. நடுவில் ரமேஷ் சார் இரண்டு முறை கூப்பிட்டார். எடுக்கவில்லை. மூன்றாவது முறை எடுத்து, “மஸ்கட் ரோட்ல இருக்கேன் சார், வந்து சொல்றேன்” என்றேன். அவர் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். கட் செய்துவிட்டேன். என் வாழ்க்கையில் ஒரு மேலதிகாரியின் போனைக் கட் செய்தது அதுதான்.

மறுபடி வண்டி ஓடியது. பாய் இப்போது வேகமாகப் போனார். வேகத்தைப் பிடிக்கும் ரேடார் இருக்கும் இடமெல்லாம் அவருக்கு மனப்பாடம். அந்த இடத்தில் மட்டும் பிரேக், பிறகு மறுபடி. என் மடியில் புத்தகம் துள்ளியது. நான்காவது புத்தகத்தின் நடுவில், அதிகாரி கடைசியில் நண்பனின் வீட்டைக் கண்டுபிடித்து, வாசலில் மண்டியிட்டு அழுகிற இடம் வந்தது. கதையில் அது ரொம்ப உருக்கமான இடம் என்று யூன் சார் சொன்னார். பிறகு சிவப்பை வாசித்தார். பாய் கேட்கும் முன் அவரே இந்தியில் சொன்னார்:

“இவன் மன்னிப்புக் கேட்டானா? இல்ல, கேட்டான்னு எழுதினவன்தான் சொல்றானா? இவன் வாயிலேர்ந்து ஒரு வார்த்தை வரலையே.”

“கறுப்பு?” என்றார் பாய்.

“கறுப்பு இங்க ஒண்ணும் எழுதல.”

நான் அடுத்த பக்கத்தைப் புரட்ட வேண்டும். புரட்டவில்லை. ஒவ்வொரு விநாடியும் ஓடிக்கொண்டிருந்தது.

“சார்” என்றேன். “மிஷின் இல்ல. அந்த செட்டிங் போட்டது நான். முந்தின வேலையில இருந்தத மாத்தாம விட்டேன். ரெண்டு நாளும் செவப்பக் கண்ணால பாத்துக்கிட்டேதான் இருந்தேன்.”

அவர் பூதக்கண்ணாடியைக் கீழே இறக்காமலே சொன்னார், “எனக்குத் தெரியும். மிஷின் தப்புன்னா நீ வண்டியில வந்திருக்க மாட்டே. நெக்ஸ்ட் பேஜ். யல்லா.”

சுவைக் போனது, பர்கா போனது. ஐந்தாவது புத்தகத்தை ஆரம்பித்தபோது ஏர்போர்ட் பலகைகள் வர ஆரம்பித்துவிட்டன. இப்போது பாய் ஒன்றுமே கேட்கவில்லை. யூன் சாரும் இந்தியில் சொல்லவில்லை. எண், வாசிப்பு, புரட்டல். அவர் குரல் கட்டிவிட்டது. ஏர்போர்ட் வாசலில் வண்டி நின்ற பிறகும் இரண்டு பக்கம் வாசித்தார். கோட்டுப் போட்ட ஒருவர் வந்து கண்ணாடியைத் தட்டினார். அண்ணன் மகன். கைக்கடிகாரத்தைக் காட்டினார், மரியாதையாகத்தான். யூன் சார் ஒரு விரலைத் தூக்கி இன்னும் ஒரு பக்கம் வாசித்தார். பிறகு அவரே புத்தகத்தை மூடினார்.

அண்ணன் மகன் இரண்டு கைகளாலும் மூட்டையை வாங்கிக் குனிந்து வணங்கிவிட்டு உள்ளே போனார். கண்ணாடிக் கதவு மூடியது.

ஏழு பக்கம் மிச்சம். அவற்றின் கறுப்பு எழுத்து நம் படத்தில் இருக்கிறது. சிவப்பு இல்லை.

திரும்பும் வழியில் பாய் சொன்னார், “நான் வாயப் பொத்திக்கிட்டு ஓட்டியிருந்தா அந்த ஏழும் கெடச்சிருக்கும்லக்கா?”

நான் பதில் சொல்வதற்குள் முன் சீட்டிலிருந்த யூன் சார், தமிழ் புரியாமலே, பாயின் குரலில் இருந்த சோர்வைக் கேட்டு அவர் தோளில் தட்டினார்.

எனக்கு மெமோ கிடைத்தது. அது நியாயம்தான். டியூட்டி நேரத்தில் சொல்லாமல் போனேன், வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். அதன் பிறகு பத்து நாள், என் டியூட்டி நேரம் போக, ஒலிப்பதிவைத் துண்டு துண்டாக வெட்டி அந்தந்தப் பக்கத்தோடு சேர்த்தேன். அந்த ஏழு பக்கங்களுக்கு வந்தபோது ரமேஷ் சார், “அப்படியே விட்டுருங்க. பாக்க நல்லாத்தானே இருக்கு. யாருக்குத் தெரியப்போகுது?” என்றார். உண்மை. அவை அந்தக் கோப்பிலேயே மிகச் சுத்தமான பக்கங்கள். தெரியாதவர் பார்த்தால், அந்த ஏழு பக்கத்திலும் சிவப்புக்காரருக்குச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை என்றே நினைப்பார்.

அதனால் ஏழின் மேல்விளிம்பிலும் நான் எழுதினேன். சின்ன எழுத்தில், இங்கிலீஷில், ரமேஷ் சார் திருத்திக் கொடுத்த இலக்கணத்தில். ‘இந்த இடத்தில் சிவப்புக் குறிப்பு இருந்தது. ஸ்கேன் செய்தவரின் தவறால் பதிவாகவில்லை.’ கீழே என் பெயர். அவர் ‘மிஷின் கோளாறால்’ என்று மாற்றச் சொன்னார். இல்லை சார் என்றேன். அவர் “உங்க இஷ்டம்” என்று கையெழுத்துப் போட்டார். நான் சொன்னேனே, கெட்டவர் இல்லை.

அச்செடுத்த பிரதியை யூன் சார் வீட்டில் கொடுத்தேன். ஒரு வாரம் கழித்து அவர் நம் ஆபீசுக்கு வந்து ஏழு தாள்களை மட்டும் திருப்பிக் கொடுத்தார், கலரில் ஸ்கேன் செய்து கோப்பில் மாற்றி வைக்கச் சொன்னார். ஒவ்வொரு தாளிலும் என் குறிப்புக்குப் பக்கத்தில் பென்சிலால் கொரிய எழுத்தில் எழுதியிருந்தார். நாலு பக்கங்களில் சிவப்பு என்ன சொன்னது என்று அவருக்கு நினைவிருந்ததாம். எழுதிவிட்டு, ‘நினைவிலிருந்து எழுதியது, தவறாக இருக்கலாம்’ என்றும் சேர்த்திருந்தார். மற்ற மூன்று பக்கங்களில் மிகவும் சுருக்கமாக இருந்தது. என்ன சார் இது என்று கேட்டேன்.

“யாத் நஹி” என்றார். நினைவில்லை.

அந்தக் கோப்பு இன்றும் நம்மிடம் இருக்கிறது. என்றாவது உங்களில் ஒருவரை அதைத் திறந்து ஓரங்களைச் சுத்தம் செய்யச் சொல்வார்கள். செய்யாதீர்கள்.